கரண்டு எங்கிருந்து வருகிறது? சோலார் போடும் முன் தெரிந்துகொள்வோம்



வல்லக்கோட்டை, ஒரகடம், வல்லம், பிள்ளைப்பாக்கம் பக்கம் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது எங்களிடம் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "மாடியில சோலார் போட்டா கரண்டு பில்லே வராதாமே, அதுக்கு கடன் போடலாமா?" என்று கேட்கிறார்கள். நம் வீட்டு வாசலுக்கே வந்து, "கையெழுத்து மட்டும் போடுங்கம்மா, எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இதற்கு ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ ஒரே பதிலாகச் சொல்லிவிட முடியாது. ஒரு வீட்டுக்கு லாபமாக இருப்பது பக்கத்து வீட்டுக்கு வீண் கடனாகிவிடும். கரண்டு எப்படி உண்டாகிறது, யூனிட் என்றால் என்ன, சோலார் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்தால் நம்ம கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். அதனால் இந்த இதழின் பாடமாக மின்சாரத்தை எடுத்துக்கொண்டோம். பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்றவர்களுக்கும் புரியும்படி எழுத முயன்றிருக்கிறோம். குழுவில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.

1. சைக்கிள் டைனமோ சொல்லும் பாடம்

முன்பெல்லாம் சைக்கிளின் சக்கரத்தை ஒட்டி ஒரு சின்ன டைனமோ இருக்கும். சக்கரம் சுற்றும்போது அதன் தலையும் சுற்றும், முன் விளக்கு எரியும். அந்த டைனமோவுக்குள் இருப்பது இரண்டே பொருள்தான். ஒன்று காந்தம், மற்றது செம்புக் கம்பிச் சுருள். கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் அசைந்தால் கம்பியில் மின்சாரம் ஓடும். காந்தம் நின்றுவிட்டால் மின்சாரமும் நின்றுவிடும். இதை 1831-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த மைக்கேல் ஃபாரடே என்ற அறிஞர் கண்டுபிடித்தார். அவர் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகி, அங்கே வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றவர்.

டைனமோ வைத்த சைக்கிளை ஓட்டியவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கும். டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்து விளக்கை எரியவிட்டால் பெடல் கனக்கும். ஏன்? விளக்குக்குப் போகும் சக்தி நம்ம காலிலிருந்துதான் போகிறது. சக்தியை யாரும் புதிதாக உண்டாக்க முடியாது. ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்ற மட்டுமே முடியும். காலின் பலம் சுழற்சியாகி, சுழற்சி மின்சாரமாகி, மின்சாரம் வெளிச்சமாகிறது. எந்த மின்நிலையத்தைப் பார்த்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இங்கே காந்தத்தைச் சுற்றுவது எது? பதில் மட்டும்தான் இடத்துக்கு இடம் மாறும்.

கிருத்திகை நாளில் மைக் செட்காரர் கொண்டு வரும் ஜெனரேட்டரும் இதே டைனமோவின் அண்ணன்தான். அதைச் சுற்றுவது டீசல்.

2. வாட், யூனிட், மெகாவாட்

ஒரு சாமான் எவ்வளவு வேகமாகக் கரண்டைச் சாப்பிடுகிறது என்பதைச் சொல்வது வாட். எல்.இ.டி. பல்பு 9 வாட், சாதாரண மின்விசிறி 75 வாட், இஸ்திரிப் பெட்டி 1,000 வாட் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும்.

யூனிட் என்பது மொத்தமாகச் சாப்பிட்ட அளவு. 1,000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அதே ஒரு யூனிட்டில் மின்விசிறி 13 மணி நேரம் ஓடும். 9 வாட் பல்பு 111 மணி நேரம் எரியும். ஈ.பி. கார்டில் எழுதுவது இந்த யூனிட்டைத்தான்.

மின்நிலையங்களின் திறனை மெகாவாட் கணக்கில் சொல்வார்கள். ஒரு மெகாவாட் என்பது பத்து லட்சம் வாட். ஆயிரம் இஸ்திரிப் பெட்டிகள் ஒரே நேரத்தில் சூடாக இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.

3. நிலக்கரி: நீராவி சுற்றுகிறது

குக்கரில் ஆவி ஏறினால் வெயிட்டைத் தூக்கி அடிக்கிறதல்லவா? அந்த ஆவியை ஒரு குழாய் வழியாக ராட்டினம் போன்ற இறக்கைகளின் மேல் விட்டால் அது சுற்றும். அதற்கு டர்பைன் என்று பெயர். டர்பைனின் தண்டோடு பெரிய காந்தம் இணைந்திருக்கும். அனல்மின் நிலையம் என்பது இவ்வளவுதான். நிலக்கரியை எரித்து, தண்ணீரை ஆவியாக்கி, ஆவியால் டர்பைனைச் சுற்றுகிறார்கள்.

அத்திப்பட்டில் உள்ள வட சென்னை, மேட்டூர், தூத்துக்குடி ஆகிய இடங்களில் அனல்மின் நிலையங்கள் இருக்கின்றன. கடலூர் மாவட்டம் நெய்வேலியில் பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி கிடைக்கிறது. அங்கே 1956-ல் நிறுவனம் தொடங்கி, 1962-ல் மின்சாரம் எடுத்தார்கள்.

நிலக்கரியின் நல்ல குணம், நாம் கேட்கும் நேரத்தில் கரண்டு தரும் என்பது. ராத்திரி, மழை, காற்றில்லாத நாள் எதுவும் அதற்குத் தடையில்லை. ஆனால் விலை வேறு விதத்தில் கொடுக்கிறோம். எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதல்தான் மின்சாரமாகிறது. மீதி புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் தண்ணீர் வழியாகவும் போய்விடும். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ நிலக்கரி எரிகிறது. அதிலிருந்து வரும் கரியமில வாயுவும் கிட்டத்தட்ட ஒரு கிலோ. இந்த வாயு வானத்தில் தங்கி பூமியைச் சூடாக்குகிறது.

சாம்பலும் பெரிய பிரச்சினை. எண்ணூர் கழிமுகத்தில் சாம்பல் படிந்து, மீன், இறால் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். 1970-ல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் பழையதாகி 2017-ல் மூடப்பட்டது. நெய்வேலியில் சுரங்கத்துக்காக ஊரையும் நிலத்தையும் விட்டவர்கள் ஏராளம். நாம் சுவிட்ச் போடும்போது இவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கையை எரித்தும் இதே முறையில் கரண்டு எடுக்கிறார்கள்.

4. அணு: நெருப்பில்லாத வெப்பம்

செங்கல்பட்டைத் தாண்டிப் போனால் கல்பாக்கம். அங்கே 220 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள் 1980-களில் அமைக்கப்பட்டன. திருநெல்வேலி மாவட்டம் கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு உற்பத்திக்கு வந்தன. முதலாவது 2013-ல் மின்கம்பியில் இணைந்தது.

அணுமின் நிலையத்திலும் நீராவிதான் டர்பைனைச் சுற்றுகிறது. வெப்பம் வரும் வழி மட்டும் வேறு. யுரேனியம் என்ற உலோகத்தின் அணுக்கள் பிளக்கும்போது மிகுந்த வெப்பம் வெளியாகும். புகை இல்லை, சாம்பல் இல்லை, இரவு பகல் ஓடும். ஆனால் எரிந்து முடிந்த எரிபொருளில் கதிர்வீச்சு இருக்கும். பல தலைமுறைக்கு அதைப் பாதுகாத்து வைக்க வேண்டும். 2011-ல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் சுனாமிக்குப் பிறகு உலைகள் சேதமடைந்தன. அதே ஆண்டு கூடங்குளத்துக்குப் பக்கத்தில் இடிந்தகரை மக்கள் போராடியபோது முன்னால் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் மீனவப் பெண்கள்.

5. தண்ணீர்: உயரம்தான் முதல்

அருவி போல் விழும் தண்ணீரால் டர்பைனைச் சுற்றுவது நீர்மின்சாரம். நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் 1932-ல் தொடங்கியது. அதன்பின் மேட்டூர், பாபநாசம், குந்தா என்று வளர்ந்தது. எரிபொருள் செலவில்லை. புகையும் இல்லை.

"நம்ம ஏரியில மதகு திறந்தா தண்ணி அவ்வளவு வேகமா பாயுதே, அதுல எடுக்கக் கூடாதா?" என்று ஒரு அக்கா கேட்டார். நல்ல கேள்வி. ஒரு கணக்குப் பார்ப்போம்.

பல ஊராட்சிகளில் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி இருக்கிறது. அது நாற்பது அடி உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொட்டி நிறையத் தண்ணீரையும் கீழே விட்டு, ஒரு சொட்டுச் சக்தி வீணாகாமல் கரண்டாக மாற்றினால் கிடைப்பது எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு யூனிட். ஒரு மணி நேரம் இஸ்திரி போடலாம். அவ்வளவுதான்! அதே ஒரு யூனிட்டுக்கு 3,000 அடி உயரத்திலிருந்து விழும் தண்ணீர் என்றால் 400 லிட்டர் போதும். அதனால்தான் நீர்மின் நிலையங்கள் மலையில் இருக்கின்றன. நம்ம காஞ்சிபுரம் மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். ஆனால் தரை சமம். இந்தத் தண்ணீருக்கு வேலை வயலில்தான்.

கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் ஒன்று 1980-களின் கடைசியில் வந்தது. அங்கே கரண்டு மிச்சமாக இருக்கும் நேரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு பம்ப் பண்ணி ஏற்றுகிறார்கள். தேவை அதிகமான நேரத்தில் திறந்துவிட்டு கரண்டு எடுக்கிறார்கள். கரண்டு இருக்கும்போது மாடித் தொட்டியை நிரப்பி வைக்கிறோமே, அதே யோசனைதான்.

6. காற்று: ஆடிக் காற்றின் சம்பாத்தியம்

நாகர்கோவில் போகும் வழியில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பார்த்தால் வரிசையாகக் காற்றாலைகள் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இடைவெளி இருக்கும் இடங்களில் தென்மேற்குக் காற்று புகுந்து வீசுகிறது. பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய பல்லடம், உடுமலைப் பக்கமும் அப்படியே. தமிழ்நாட்டில் 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் சிறிதாகத் தொடங்கியது. இப்போது காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள பலம் எட்டு மடங்காகும். அதனால் இடம் பார்த்துத்தான் காற்றாலை வைக்க வேண்டும். நம்ம பக்கம் அந்த வேகம் கிடையாது. வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை நல்ல உற்பத்தி. மற்ற மாதங்களில் குறைவு. காற்று நின்றால் கரண்டும் நிற்கும்.

7. சூரியன்: எதுவும் சுற்றுவதில்லை

இதுவரை பார்த்த எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று சுற்றியது. சோலார் தகட்டில் அசையும் பாகமே இல்லை. அது எப்படி?

எல்லாப் பொருளிலும் எலக்ட்ரான் என்ற நுண்துகள்கள் உண்டு. அவை ஒரே திசையில் ஓடினால் அதுதான் மின்சாரம். சில பொருட்களின் மேல் வெளிச்சம் பட்டால் எலக்ட்ரான் தன் இடத்திலிருந்து எழும்பிவிடும். எழும்பியது திரும்ப அங்கேயே விழுந்துவிட்டால் பயனில்லை. அதனால் தகட்டுக்குள் இரண்டு விதமான அடுக்குகளை ஒட்டி வைத்திருப்பார்கள். அந்த ஒட்டு, ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு மாதிரி வேலை செய்யும். அந்தப் பக்கம் போன எலக்ட்ரான் வந்த வழியே திரும்ப முடியாது. கம்பி வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். வரும் வழியில் நம்ம பல்பை எரிய வைக்கும்.

இங்கே பலர் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. சோலார் தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. அக்னி நட்சத்திரத்தில் தகடு மிகவும் சூடானால் உற்பத்தி சற்றுக் குறையவே செய்யும். மாடியில் தண்ணீர் சுட வைக்கும் சோலார் ஹீட்டர் வேறு, இது வேறு.

இந்தத் தகடுகள் நம்ம வட்டாரத்திலேயே தயாராகின்றன. ஒரகடத்தில் விக்ரம் சோலார் நிறுவனத்தின் தொழிற்சாலை 2021-ல் தொடங்கியது. அங்கே சிலிக்கான் தகடுகளைச் செய்கிறார்கள். சிலிக்கான் என்பது மணலில் இருக்கும் பொருள். அதைச் சுத்தம் செய்து மெல்லிய வில்லைகளாக அறுத்து, கோத்து, கண்ணாடிக்குள் வைப்பார்கள். பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் 2024 ஜனவரியில் தொழிற்சாலை திறந்தது. ஆண்டுக்கு 3,300 மெகாவாட் அளவுக்குத் தகடு செய்யும் திறன் அதற்கு உண்டு. அங்கே சிலிக்கான் கிடையாது. காட்மியம் டெல்லூரைடு என்ற பொருளைக் கண்ணாடியின் மேல் மிக மெல்லிய படலமாகப் படிய வைக்கிறார்கள். அந்தப் படலம் நம்ம தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. நம்ம பக்கம் நிலத்தடி நீர் ஏற்கெனவே தட்டுப்பாடு. அதனால் சென்னையின் கழிவுநீரைச் சுத்திகரித்த தண்ணீரைக் கொண்டே இந்தத் தொழிற்சாலை ஓடும்படி அமைத்திருக்கிறார்கள்.

காட்மியம் நச்சுள்ள உலோகம். தகடு முழுதாக இருக்கும்வரை அது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மூடியிருக்கும். எந்த வகைத் தகடாக இருந்தாலும், உடைந்ததைக் குப்பையில் போடவோ பழைய இரும்புக் கடைக்குப் போடவோ கூடாது.

நம் பிள்ளைகளில் சிலர் இப்படிப்பட்ட தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களிடம் "நீ செய்யற தகடு எப்படிக் கரண்டு குடுக்குது?" என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குத் தெரிந்ததை நமக்குச் சொல்லட்டும். தெரியாவிட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

ஒரு கணக்கு முக்கியம். ஒரு கிலோவாட் சோலாருக்கு நிழலில்லாத சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். நம்ம ஊர் வெயிலில் அது ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். மழைக்காலத்தில் குறையும். ராத்திரியில் ஒன்றும் இல்லை. அதே ஒரு கிலோவாட் ஜெனரேட்டர் 24 மணி நேரமும் ஓடினால் 24 யூனிட் தரும். ஆகவே 2016-ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சோலார் அமைத்தார்கள் என்றால், 648 மெகாவாட் அனல்மின் நிலையம் தருகிற அத்தனை யூனிட்டும் அதில் வரும் என்று நினைக்கக் கூடாது. செய்தித்தாளில் மெகாவாட்டைப் பார்க்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

8. எல்லாம் ஒரே தொட்டியில்

ஒரு தொட்டிக்கு நாலு போர்வெல்லிலிருந்து தண்ணீர் வந்தால், குழாயில் பிடிக்கும் குடத்துத் தண்ணீர் எந்த போர்வெல்லுடையது என்று சொல்ல முடியுமா? கரண்டும் அப்படித்தான். கூடங்குளம், மேட்டூர், முப்பந்தல், கமுதி எல்லாம் ஒரே கம்பி வலையில் கலக்கின்றன. தூரம் போகும்போது கம்பி சூடாகிச் சக்தி வீணாவதைக் குறைக்க 400 கிலோவோல்ட், 230 கிலோவோல்ட் என்று அழுத்தத்தை உயர்த்தி அனுப்புகிறார்கள். துணைமின் நிலையங்களில் படிப்படியாக இறக்கி, தெரு டிரான்ஸ்பார்மரில் 230 வோல்ட்டாக்கி வீட்டுக்கு விடுகிறார்கள். நம்ம நிலங்களின் மேல் போகும் பெரிய கோபுரங்கள் இந்த உயரழுத்தக் கம்பிகளுக்கானவை. அவற்றின் கீழே கொட்டகை, வீடு எதுவும் கட்டக் கூடாது.

தண்ணீர்த் தொட்டிக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கம்பியில் கரண்டைச் சேர்த்து வைக்க முடியாது. இந்த நிமிடம் எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவை இந்த நிமிடமே உண்டாக்க வேண்டும். சாயங்காலம் வீடுகளில் விளக்கு, டி.வி., மிக்சி எல்லாம் ஓடும். தொழிற்சாலைகளில் இரண்டாம் ஷிப்ட் நடக்கும். அந்த நேரம் பார்த்து சூரியன் போய்விடும். அப்போது நிலக்கரி, அணு, தண்ணீர்தான் கைகொடுக்க வேண்டும். அல்லது பகலில் மிச்சமானதை காடம்பாறை போலத் தண்ணீராகவோ, பெரிய பேட்டரிகளிலோ சேர்த்து வைக்க வேண்டும்.

தேவைக்கும் உற்பத்திக்கும் பொருந்தாமல் போனால் என்ன ஆகும் என்று 2008 முதல் 2014 வரை பார்த்தோம். 2012-ல் சென்னைக்கு வெளியே பல மணி நேரம் மின்வெட்டு. தையல் மெஷின் மோட்டார் ஓடவில்லை, மாவு மில் ஓடவில்லை, பிள்ளைகள் பரீட்சைக்கு மெழுகுவர்த்தியில் படித்தார்கள். ஆகவே "நிலக்கரி கெட்டது, மூடிவிடு" என்றும், "சோலார் வேலைக்காகாது" என்றும் ஒரே வரியில் பேச முடியாது. பகலில் சூரியனும் காற்றுக் காலத்தில் காற்றும் எவ்வளவு தருகிறதோ, அவ்வளவு நிலக்கரி எரியாமல் மிச்சமாகும். மீதி நேரத்துக்கும் வழி செய்ய வேண்டும்.

9. நம் வீட்டுக் கூரையில் சோலார்: கணக்குப் போடுவோம்

2024 பிப்ரவரியில் மத்திய அரசு பிரதமரின் சூரிய வீடு திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி வீட்டு இணைப்புக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். முழுச் செலவும் இலவசம் அல்ல. மானியம் போக மீதி நம் பணம் அல்லது கடன். மானியமும் வேலை முடிந்து, சரிபார்த்த பிறகே வங்கிக் கணக்குக்கு வரும்.

கடன் போடும் முன் ஈ.பி. கார்டை எடுத்து, இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். 2016-ல் தமிழக அரசு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணம் இல்லை என்று அறிவித்தது. அதை வைத்து இரண்டு வீடுகளைப் பார்ப்போம்.

முதல் வீடு: இரண்டு மாதத்துக்கு 150 யூனிட். பணம் கட்டுவது 50 யூனிட்டுக்கு மட்டும். யூனிட் 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 250 ரூபாய். வருஷத்துக்கு 1,500 ரூபாய். இவர்கள் மானியம் போக 35,000 ரூபாய் போட்டு ஒரு கிலோவாட் சோலார் வைத்தால், போட்ட பணம் திரும்பி வர 23 வருஷம் ஆகும். வட்டி தனி. இந்த வீட்டுக்குக் கடன் வாங்கி சோலார் தேவையில்லை.

இரண்டாம் வீடு: தொழிற்சாலைப் பிள்ளைகளுக்கு ரூம் விட்டிருக்கிறார்கள், ஏ.சி. இருக்கிறது, ஒரே மீட்டரில் 600 யூனிட்டுக்கு மேல் ஓடுகிறது. யூனிட் கூடக் கூட விலையும் ஏறும் என்பதால் பில் ஆயிரக்கணக்கில் வரும். ஒரு கிலோவாட் சோலார் இரண்டு மாதத்தில் சுமார் 240 யூனிட் தரும். விலை அதிகமான மேல் யூனிட்டுகள்தான் முதலில் குறையும். சொந்தக் கான்கிரீட் மாடி, நிழல் இல்லை என்றால் இவர்கள் யோசிக்கலாம்.

முதல் வீட்டுக்கு வேறு வழி இருக்கிறது. 75 வாட் மின்விசிறி ஒன்று நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட் ஆகும். இப்போது 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறி கடையில் கிடைக்கிறது. அதற்கு 22 யூனிட் போதும். இரண்டு விசிறியை மாற்றினால் 64 யூனிட் மிச்சம். 150 யூனிட் 86 ஆகிவிடும். 100-க்குக் கீழே வந்துவிட்டதால் கட்டணமே இல்லை. ஒரு விசிறி 3,000 ரூபாய் என்றால் இரண்டுக்கு 6,000. நாலு வருஷத்தில் பணம் திரும்பிவிடும். குண்டு பல்பு இன்னும் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். 60 வாட் பல்பு நாளைக்கு 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 18 யூனிட். 9 வாட் எல்.இ.டி. என்றால் 3 யூனிட்கூட ஆகாது.

10. கையெழுத்துப் போடும் முன்

* "சோலார் இருந்தால் மின்வெட்டே இருக்காது" என்பது சரியல்ல. மானியத்தில் வழக்கமாகப் போடுவது மின்வாரியக் கம்பியோடு இணைந்த வகை. அதில் பேட்டரி இருக்காது. தெருவில் கரண்டு போனால் பட்டப்பகலிலும் நம் சோலார் தானாக நின்றுவிடும். இது கோளாறு அல்ல. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மேல் நம் வீட்டுக் கரண்டு பாயாமல் இருக்கச் செய்த ஏற்பாடு.

* ஈ.பி. இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இறந்துபோன மாமனார் பெயரிலேயே இருக்கும் வீடுகள் நிறைய. மானியம் இணைப்புதாரர் பெயரில்தான் வரும். முதலில் பிரிவு அலுவலகத்தில் பெயர் மாற்றம் செய்யுங்கள். வீட்டுப் பத்திரம் உங்கள் பெயரில் இருந்தால் இணைப்பையும் உங்கள் பெயருக்கே மாற்றுங்கள்.

* திட்டத்தில் பதிவு செய்த நிறுவனம்தானா என்று கேளுங்கள். மானியத்துக்கு இந்தியாவில் செய்த தகடாக இருக்க வேண்டும். மொத்த விலை, மானியம், உங்கள் பங்கு, எத்தனை வருஷம் உத்தரவாதம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

* ஆதார் நகல், பாஸ்புக் நகல், ஓ.டி.பி. எண் இவற்றை வாசலுக்கு வருகிறவரிடம் கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில் கடன் ஏறினால் கட்ட வேண்டியது நீங்கள்தான். குழுவின் பெயரும் கெடும்.

* திட்டமும் கட்டணமும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் அன்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலும் வங்கியிலும் நேரில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

* தையல் கூடம், மாவு மில் போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம் இருந்தால், வீட்டுக்கான மானியமும் 100 யூனிட் சலுகையும் அதற்குப் பொருந்தாது. அதற்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1. ஒவ்வொருவரும் ஈ.பி. கார்டு கொண்டு வாருங்கள். கடைசி ஆறு மாத யூனிட்டை நோட்டில் எழுதுங்கள். யார் யார் 100-ஐச் சற்றுத் தாண்டியிருக்கிறார்கள் என்று பார்த்து, அவர்கள் எதை மாற்றினால் கீழே வரலாம் என்று பேசுங்கள்.

2. இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். பெயர் மாற்றம் வேண்டியவர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே நாளில் பிரிவு அலுவலகம் போகலாம்.

3. பழைய சைக்கிள் டைனமோ யார் வீட்டிலாவது இருந்தால் கொண்டு வந்து பிள்ளைகள் முன்னால் சுற்றிக் காட்டுங்கள். சுற்றுகிற கை கனக்கிறதா என்று அவர்களையே கேளுங்கள்.

4. பேச ஒரு கேள்வி: எண்ணூர் மீனவர், நெய்வேலி விவசாயி, இடிந்தகரைப் பெண்கள், நம்ம ஊரில் நிலம் கொடுத்தவர்கள். இவர்களில் யாருக்கும் பாதிப்பு இல்லாமல் கரண்டு எடுக்க வழி உண்டா? எதைக் குறைக்கலாம், எதைக் கூட்டலாம்? உங்கள் குழு பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள். சோலார் கடன் கேட்டு வரும் மனுக்களோடு அந்த வீட்டின் ஆறு மாத யூனிட் விவரத்தையும் இணைத்து அனுப்பினால், கூட்டமைப்பு முடிவெடுக்க உதவியாக இருக்கும்.